மூச்சு எடுத்த இடம்

இசக்கிதுரை சிகரெட்டை விட்ட நாளிலிருந்துதான் வீட்டில் அவனை மோந்து பார்க்கத் தொடங்கினார்கள்.

பிடித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. அதுதான் அவனுக்கு எரிச்சல். பதினைந்து வயதில் பம்புசெட்டுக்குப் பின்னால் பழகிய பழக்கம். கொய்யா இலையை மென்று மென்றே ரெண்டு வருஷத்தை ஓட்டிவிட்டான். இப்போது விட்டாயிற்று என்று அவனே வாய்திறந்து சொன்ன பிறகு, அம்மா தங்கபுஷ்பம் அவன் சட்டைக் காலரை மூக்கில் வைக்கிறாள். கொடியில் காய்கிற சட்டையைக்கூட விடுவதில்லை. துவைத்த சட்டையில் என்ன வாடை இருக்கும்? சோப்பு வாடைதான். "எதுக்குலே இம்புட்டு சோப்பு போட்ட?" என்று அதற்கும் ஒரு கேள்வி.

அவளையும் குற்றம் சொல்ல முடியாது. புருஷனைப் புகைக்குப் பறிகொடுத்தவள். கடைசி நாட்களில் அந்த மனிதர் மூச்சுக்குப் பட்ட பாட்டைத் தலைமாட்டில் உட்கார்ந்து பார்த்தவள்.

மறுநாள் காலையில் மாவட்ட ஜூனியர் கபடி அணி திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறுகிறது. இசக்கிதுரை அதில் முதல் ரைடர். பையெல்லாம் கட்டி வைத்துவிட்டான். அம்மா அந்தப் பையின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"உன் வாயை நான் நம்ப மாட்டேன். நீ விட்டுட்டன்னு சேர்மக்கனி மாஸ்டர் சொல்லட்டும். சாயங்காலம் மைதானத்துக்கு வந்து கேக்கேன். ஆமான்னா போ. இல்லைன்னா பையைப் பிரி."

மற்ற பையன்கள் வருவதற்கு முன்பே மைதானத்துக்கு ஓடினான். சேர்மக்கனி மாஸ்டர் சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். ஊரில் பாதிப் பேருக்குக் கபடி கற்றுக்கொடுத்தவர் அவர்.

"என்னலே, சீக்கிரமா வந்துட்ட?" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினார்.

அவனுக்குச் சுருக்கென்றது. இதென்ன புதுசாக மிட்டாய்? இத்தனை வருஷத்தில் தண்ணீர் தவிர இந்த மனிதர் ஒன்றும் தந்ததில்லையே. வாடையை மறைக்கிறவன்தான் பிடுங்கி வாயில் போட்டுக்கொள்வான் என்று ஆழம் பார்க்கிறாரோ? போடாமல் நின்றால், ஏன் போடவில்லை என்பாரோ? கூட்டாளி பேச்சிமுத்து வத்தி வைத்துவிட்டானோ? ஞாயிற்றுக்கிழமை சமாச்சாரம் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். மிட்டாய் அவன் உள்ளங்கையிலேயே பிசுபிசுத்தது.

"மாஸ்டர், இன்னைக்கு அம்மா வருவா. நான் சிகரெட்டை விட்டுட்டேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

"விட்டுட்டியா?"

"விட்டுட்டேன்."

"சரி."

"சரின்னா? சொல்லுவீங்களா?"

மாஸ்டர் பொடிச் சட்டியைக் கீழே வைத்தார். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.

"நான் பாடிப் போறேன். நீ அம்பயர். மூச்சு எடுத்தேன்னா ஊது."

நடுக்கோட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும்வரை ஒரே மூச்சில் 'கபடி கபடி' என்று பாட வேண்டும். நடுவில் மூச்சை இழுத்தால் போச்சு, ஆள் அவுட். இது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மாஸ்டர் பாடிக்கொண்டே கோட்டைத் தாண்டினார். ஆளில்லாத மைதானம். இந்த மூலைக்குப் போனார், அந்த மூலைக்குப் போனார், குனிந்தார், நிமிர்ந்தார், பாட்டு நிற்கவே இல்லை. அறுபதைத் தாண்டிய மனிதருக்கு இவ்வளவு மூச்சா! இசக்கிதுரை நம்பவில்லை. கூடவே நடந்தான். அவர் வாயருகில் காதை வைத்தான். நெஞ்சைப் பார்த்தான், தொண்டைக்குழியைப் பார்த்தான். ரெண்டு மூன்று முறை விசில் உதடுவரை போய்த் திரும்பி வந்தது.

மாஸ்டர் கோட்டைத் தொட்டார்.

"பாயிண்ட் குடு."

"முடியாது மாஸ்டர். நீங்க மூச்சு எடுத்தீங்க."

"எங்க எடுத்தேன்?"

"தெரியலை."

"அப்போ ஏன் தர மாட்டேங்குத?"

"எங்கன்னு கண்டுபிடிக்க முடியலை. ஆனா எடுத்தீங்க."

"எதை வச்சுலே சொல்லுத?"

"நானா இருந்தா எடுத்திருப்பேன்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். மாஸ்டர் சிரிக்கவில்லை.

"எடுத்தேன்," என்றார். "அந்த மூலையில திரும்பும்போது ஒண்ணு. இங்க குனிஞ்சேம்லா, அப்போ ஒண்ணு."

"நான் பக்கத்துலயேதான மாஸ்டர் வந்தேன்!"

"வந்த வந்த. என் வாய்க்குள்ள காதை வைக்காத குறைதான்."

இசக்கிதுரை தரையைப் பார்த்தான். புதுச் சுண்ணாம்புக் கோட்டைக் கால் பெருவிரலால் கலைத்தான்.

"ஞாயித்துக்கிழமை ஒண்ணு பிடிச்சேன் மாஸ்டர். கோயில் கொடைத் திருவிழாவுல. அதான் பேச்சிமுத்து உங்ககிட்ட சொல்லியிருப்பானே."

"அவன் எங்கலே என்கிட்டப் பேசுதான்? டீம்ல எடுக்கலைன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரியுதான்."

"அப்போ மிட்டாய் எதுக்குக் குடுத்தீங்க?"

"பேத்தி பொறந்திருக்கா."

அவனுக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. உள்ளங்கையில் ஒட்டிக் கிடந்த மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு கேட்டான்.

"விட்ட பொறவு ஒண்ணு பிடிச்சா, விட்டது எல்லாம் போச்சா மாஸ்டர்?"

பையன்கள் வந்துவிட்டார்கள். மாஸ்டர் அவர்களை இரண்டு பக்கமாகப் பிரித்தார். "விசில் உன்கிட்டயே இருக்கட்டும்," என்று மட்டும் சொன்னார்.

ஆட்டம் சூடு பிடித்தது. அவுட்டானவர்கள் கோட்டை ஒட்டி வரிசையாகக் குத்தவைத்தார்கள். தங்கள் பக்கம் எதிராளி ஒருத்தனைப் பிடித்துப் போட்டதும் வரிசையில் முதலில் இருந்தவன் பின்பக்க மண்ணைத் தட்டிக்கொண்டு மறுபடி ஆட உள்ளே ஓடினான். இசக்கிதுரை ஊதினான், கையைக் காட்டினான், கண் மட்டும் ரோட்டுப் பக்கமே போயிற்று. பேச்சிமுத்து பாடிப் போனவன் நடுவில் மூச்சு எடுத்தான். அதை மட்டும் சட்டென்று பிடித்து ஊதினான். பேச்சிமுத்து முறைத்துக்கொண்டே போய்க் கோட்டோரம் உட்கார்ந்தான்.

தங்கபுஷ்பம் வந்தாள். மகனைப் பார்க்காமல் நேரே மாஸ்டரிடம் போனாள்.

"சொல்லுங்க மாஸ்டர். விட்டுட்டானா?"

"விசில் அவன்கிட்டல்லா இருக்கு. அவன்கிட்டக் கேளுங்கம்மா."

அவள் திரும்பினாள். இசக்கிதுரை கழுத்தில் கிடந்த விசிலைப் பிடித்துக்கொண்டான். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், காலையில் பஸ். பேச்சிமுத்து கோட்டோரத்திலிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். மாஸ்டர் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

"விட்டுட்டேன்னு உன்கிட்ட சொன்ன பொறவு ஒண்ணு பிடிச்சேம்மா. கொடை அன்னைக்கு. அதுக்குப் பொறவு தொடலை."

தங்கபுஷ்பத்தின் கை பழக்கத்தில் அவன் காலருக்குப் போனது. மூக்கை அருகில் கொண்டுபோகவில்லை. மடங்கிக் கிடந்த காலரை நிமிர்த்திவிட்டாள். கண் கலங்கியிருந்தது.

"இப்ப நான் என்ன செய்ய மாஸ்டர்? பையைப் பிரிக்கச் சொல்லவா?"

மாஸ்டர் கோட்டை ஒட்டிக் குத்தவைத்திருந்த பேச்சிமுத்துவைக் காட்டினார்.

"அவன் அவுட்டும்மா. வீட்டுக்கா போயிட்டான்?"