இடப்பக்க இருக்கை

வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு மடத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். ஆறாவதாக வந்தவர் நாச்சிமுத்து. வயது எழுபத்தாறு. மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

மடம் தொண்டாமுத்தூர் சாலையில் இருக்கிறது. அதை நடத்தும் முத்தையா சாமிக்கு நாற்பத்தெட்டு வயது. மகன் வயதில் இருப்பவரிடம் போய்ப் பாடம் கேட்கிறீர்களே என்று யாராவது சீண்டினால், கடைசியாக எனக்கு வாய்த்த மேலதிகாரியும் சின்னப் பையன்தான் என்பார் நாச்சிமுத்து.

அன்று அவர் பாடம் கேட்க வரவில்லை. கேள்வியோடு வந்திருந்தார்.

அவரும் மனைவி மயிலாத்தாளும் இருக்கும் முதியோர் குடியிருப்பு மடத்துக்குப் பக்கத்தில்தான். போன மாதம் ஒரு நிறுவனம் அங்கே தானாக ஓடும் கார் ஒன்றைச் சோதனைக்காக விட்டிருந்தது. குடியிருப்பிலிருந்து மருத்துவமனைக்குப் போகும், திரும்பி வரும். வேறெங்கும் போகாது. கார் வந்த அன்று நிறுவனத்துப் பையன்களே நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள்.

குடியிருப்பில் இருந்தவர்கள் காரைச் சுற்றி வந்து பார்த்தார்கள். எங்காவது மோதினால் யாரை இறங்கச் சொல்லித் திட்டுவது என்று ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கேட்டார். என் மருமகன் ஓட்டும் காரிலேயே உட்கார்ந்துவிட்டேன், இதற்கென்ன பயம் என்றார் ஓர் அம்மாள். ஆனால் அவரும் ஏறவில்லை. கடைசியில் எல்லோரும் நாச்சிமுத்துவின் முகத்தைப் பார்த்தார்கள். வண்டி விவரம் தெரிந்தவர் அவர்தான். வேண்டாம் என்று அவர் சொன்னார். அன்றிலிருந்து கார் வாசலில் நின்றது.

மயிலாத்தாளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். நாச்சிமுத்துதான் தன் பழைய காரில் அழைத்துப் போவார். அந்தத் திங்கட்கிழமை இருட்டிய பிறகு திரும்பி வரும்போது கார் சாலை நடுவில் இருந்த தடுப்பின்மேல் ஏறிவிட்டது. இருவருக்கும் அடியில்லை; காருக்கும் பெரிய சேதமில்லை. எதிர் வண்டியின் வெளிச்சம் கண்ணில் அடித்தது என்றார் நாச்சிமுத்து. எதிரே வண்டியே வரவில்லை என்றார் மயிலாத்தாள்.

புதன்கிழமை காலை மயிலாத்தாள் பையை எடுத்துக்கொண்டு நேராகத் தானாக ஓடும் காரிடம் போனார். நாச்சிமுத்து கதவை மறித்து நின்றார். டாக்சி கூப்பிடலாம் என்றார். முகம் தெரியாத ஆள் ஓட்டினால் ஏறலாம், ஆளே இல்லை என்றால் ஏறக்கூடாதா என்று மயிலாத்தாள் கேட்டார். அவருக்கும் பிடிவாதம் உண்டு. பையோடு வீட்டுக்குத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று டயாலிசிஸ் நடக்கவில்லை. வியாழன் காலையில் இரண்டு காலும் வீங்கியிருந்தன. வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு மருத்துவமனையில் இடம் கொடுத்திருந்தார்கள். அதையும் விட்டால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லியிருந்தார்கள்.

முத்தையா சாமி அவரைக்காய் நாரெடுத்துக்கொண்டே இதையெல்லாம் கேட்டார். மற்றவர்கள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்கள்.

“ஏனுங்க சாமி,” என்றார் நாச்சிமுத்து. “ஓட்டறதுக்கு ஆளே இல்லாத வண்டி. நம்ம கையில ஒண்ணுமே இல்லை. அதுல எப்படிங்க நம்பி உக்கார்றது?”

“ஓட்டத் தெரியாதவங்க பக்கத்துல நீங்க உக்காந்ததில்லையா?”

“அதுதானுங்க சாமி எனக்கு வேலையே.”

“பயமா இருந்ததில்லையா?”

நாச்சிமுத்து சிரித்துவிட்டார். உரிமத்துக்கு ஓட்டிக்காட்ட வரும் டிரைவிங் ஸ்கூல் வண்டிகளில் இடப்பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும் என்று விளக்கினார். ஓட்டுகிறவன் தடுமாறினால் பக்கத்தில் இருப்பவர் மிதித்துவிடலாம். ஒருமுறை ஒரு ஜவுளிக்கடைக்காரர் நேராக டீக்கடைக்குள் விடப் பார்த்தார். நாச்சிமுத்து மிதித்த மிதியில் வண்டி பெஞ்சுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

“டீ மாஸ்டர் ஆத்தறதைக்கூட நிறுத்தலைங்க,” என்றார்.

சாமி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“கார் சாவியைக் கொடுங்க ஐயா. மார்க்கெட் வரைக்கும் போயிட்டு வரலாம்.”

மடத்துக்கு அரிசி மூட்டை ஏற்றி வருவது சாமிதான். அவர் ஓட்டுவதில் யாரும் குறை சொன்னதில்லை. இருந்தாலும் நாச்சிமுத்து பழக்கத்தில் மடத்து வாசலில் நின்ற தன் காரின் வலப்பக்கக் கதவுக்கே போனார். சாமி அங்கே உட்கார்ந்துவிட்டிருந்தார். நாச்சிமுத்து சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்தார். கார் வாங்கிப் பதினெட்டு வருடம் ஆகிறது. எப்போதும் மயிலாத்தாள் உட்காரும் அந்த இருக்கையில் அவர் உட்கார்வது இதுதான் முதல் தடவை.

சாமி நிதானமாக ஓட்டினார். வளைவில் டவுன் பஸ் ஒன்று எதிரே வந்தது. சாமி முன்கூட்டியே வேகத்தைக் குறைத்தார். அதற்குள் நாச்சிமுத்துவின் வலது கால் தரையை அழுத்தியது. அங்கே எதுவும் இல்லை. ஆடுகள் குறுக்கே வந்தன. கால் மறுபடியும் அழுத்தியது. ஒரு பையன் பைக்கில் உரசிக்கொண்டு போனான். இந்தத் தடவை செருப்பு எதிலோ சிக்கியது.

நாச்சிமுத்து குனிந்து பார்த்தார். காலடியில் இருந்த ரப்பர் விரிப்பு வலது குதிகால் படும் இடத்தில் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. மற்ற இடமெல்லாம் வாங்கியபடியே இருந்தது.

“சாமி, கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க.”

சாமி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார். நாச்சிமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் விரலை வைத்துப் பார்த்தார். அடியில் தகரம் தட்டுப்பட்டது. லாரி ஒன்று கடந்து போனது.

“எலி கடிச்சிருக்குமுங்களா?” என்றார்.

“எலி இப்படிக் கடிக்காதுங்க ஐயா.”

நாச்சிமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய கால் இன்னும் ஓட்டையின்மேல் படாமல் ஒதுங்கியே இருந்தது.

“இந்தத் திங்கக்கிழமைதானுங்க அவ கத்துனா. அதுக்கு முன்னாடி வண்டியில ஒரு வார்த்தை சொன்னதில்லைங்க. நல்லாத் தூங்கிட்டு வர்றான்னு நினைச்சுட்டு இருந்தேன்.”

சாமி வண்டியைக் கிளப்பினார். மார்க்கெட்டுக்குப் போகும் வழியை விட்டுவிட்டுக் காரை மடத்துப் பக்கமாகத் திருப்பினார். கொஞ்ச தூரம் வந்த பிறகு நாச்சிமுத்து கேட்டார்.

“சரிங்க சாமி. நாளைக்கு அவகூட அந்த வண்டியில ஏறிட்டேன்னே வைங்க. பாதி வழியில பயம் வந்துட்டா நான் என்னங்க பண்றது?”

“அம்மா இத்தனை வருஷம் என்ன பண்ணினாங்களோ, அதையே பண்ணுங்க.”

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் குடியிருப்பு வாசலிலிருந்து அந்தக் கார் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது.

நாச்சிமுத்துவின் ஓட்டுநர் உரிமம் அந்த ஆண்டு ஜூன் 30ஆம் தேதியோடு முடிந்தது. அவர் புதுப்பிக்கவில்லை.