பலாப்பட்டணம் என்று பேர் வந்த கதை

ஆலங்கரை என்றால் காடு முழுக்கத் தெரியும். மரத்துக்கு மரம் கூடு, வேருக்கு வேர் வளை. விலங்குகளின் பெரிய பட்டணம் அது. மழை மூட்டம் கட்டிய ஒரு மத்தியானம், அதன் வாசலில் வந்து நின்றாள் முள்ளெலி பாவாயி. முதுகில் எள்ளு மூட்டை, பின்னால் குட்டிகள்.

“அண்ணே, எங்க வளை இடிஞ்சுபோச்சு. ஒரு பொந்து கிடைச்சாப் போதும்!”

காவல் கரடி கறுப்பண்ணன் முறைத்தான். “ஊரு நிறைஞ்சுபோச்சு! அதுலயும் உன் முள்ளு வேற! எங்களைக் குத்திக் கிழிக்கவா? போ, போ!”

பாவாயிக்கு அழுகை முட்டியது. மழை கொட்டினால் குட்டிகளை எங்கே ஒதுக்குவாள், பாவம்!

அந்த நேரம் பார்த்து, ஊர்ப் பலாமரத்திலிருந்து பழம் ஒன்று ‘தொப்’பென்று விழுந்து பிளந்தது. ஊரே ஓடிவந்தது.

“தள்ளுங்க! காவல்காரனுக்குத்தான் முதல் வாய்!” என்று கறுப்பண்ணன் இரண்டு கையையும் மூஞ்சியையும் உள்ளே விட்டான். அவசரக்குடுக்கை! கையில் எண்ணெய் தடவாமல் யாராவது பலாவைத் தொடுவார்களா? பால் பிசுபிசுவென்று பிடித்துக்கொண்டது. கை வாயோடு ஒட்டியது, மூக்கும் அடைத்தது.

“ம்ம்! ம்ம்ம்!” என்று உருண்டான். குரங்கு இழுத்துப் பார்த்தது. அதன் வாலும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது!

பாவாயி தன் மூட்டையைப் பார்த்தாள். மழைக்காலம் முழுக்க அதுதான் சாப்பாடு.

“நம்மளைத் துரத்துன ஆளும்மா!” என்றது மூத்த குட்டி.

“மூச்சு முட்டுதுடா அவருக்கு!” என்றாள் பாவாயி. எள்ளை மென்று மென்று எண்ணெயாக்கித் தடவினாள். மூட்டை காலியான பிறகுதான் கரடியின் கையும் குரங்கின் வாலும் கழன்றன.

கறுப்பண்ணனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. “தாயி, என்னை மன்னிச்சிரு” என்றவன் பழத்தையே பார்த்தான். “அட! வெளியே உன்னைவிட முள்ளு. உள்ளே எத்தனை சுளை, ஒண்ணுக்கொண்ணு இடம் விட்டு உட்கார்ந்திருக்கு! இந்தத் தோலுக்குள்ள இடம் இருக்கு, என் ஊருக்குள்ள இருக்காதா?”

“அப்போ நம்ம ஊரும் பலாதான்!” என்று குரங்கு கத்தியது. எல்லோரும் சிரித்தார்கள். ஆளுக்கொரு சுளை தின்றார்கள். மழை கொட்டியபோது, பாவாயியின் குட்டிகள் பலாவேர்ப் பொந்துக்குள் வயிறு நிறைந்து தூங்கின.

அன்று முதல் ஆலங்கரைக்குப் பலாப்பட்டணம் என்றே பேர்.

இடம் கொடுக்க மனசிருந்தால், எந்த ஊரும் நிறைந்துபோகாது.