பாக்கிக்கு நின்ற மாப்பிள்ளை

ஊசிப்பட்டி அண்ணன் தம்பி மூன்று பேரும் ஆட்டு வியாபாரிகள். ஆட்டைத் தவிர வேறு எதையும் அவர்கள் விலை பேசியதில்லை. பெரியவன் ஒச்சப்பன், நடுவன் சடையன், கடைக்குட்டி மூக்கன்.

மூக்கனுக்குக் கல்யாணமாகிப் பதினேழு நாள். ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் கறிவிருந்து. சனிக்கிழமை காலையில் பார்த்தால் கடைவாய்ப்பல் விண் விண் என்று தெறிக்கிறது. எலும்பு கடிக்காத மாப்பிள்ளையை யார் மதிப்பார்கள்? அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணன்மார் அவனை டவுன் பல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள்.

டாக்டர் இளம்பரிதி பொறுமைசாலி.

"ரெண்டு வழி இருக்கு. பல்லைப் பிடுங்கிட்டா எண்ணூறு. வேர் வரைக்கும் சுத்தம் பண்ணி, அடைச்சு, காப்பாத்தினா ஆறாயிரம். கலந்து பேசிச் சொல்லுங்க."

மூவரும் சுவரோரமாகக் குந்தினார்கள்.

"ஏண்ணே, பல்லை அவரு எடுத்துக்கிட்டா எண்ணூறு, நம்மகிட்டயே இருந்தா ஆறாயிரமா?" என்றான் சடையன். "அவரு எடுத்துக்கிட்டா அவருதானே நமக்குக் காசு தரணும்?"

"கேட்டா தருவாருடா. ஆனா பல்லு குறைஞ்ச உருப்படிக்கு என்ன மதிப்பு? மாமியார் வாயைப் பிளந்து பாத்தா என்ன பதில் சொல்றது?"

மூக்கன் மாமியாரை நினைத்துப் பார்த்தான். பார்க்கக்கூடிய ஆள்தான் அந்தம்மா.

"காப்பாத்திருங்கண்ணே."

ஒச்சப்பன் எழுந்தான். தோள் துண்டை உதறி டாக்டரின் கைமேல் போட்டு, உள்ளே அவருடைய ஐந்து விரலையும் சேர்த்து ஓர் அமுக்கு அமுக்கினான். சந்தையில் விலை பேசுவது அப்படித்தான். டாக்டருக்குக் கூச்சம் தாங்காமல் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிச்சுட்டாரு! முடிஞ்சது வியாபாரம்!"

"எவ்வளவுக்கு முடிஞ்சது?"

"வெளியில சொல்லக் கூடாது சார்" என்றான் ஒச்சப்பன், காத்திருந்த நோயாளிகளை ஓரக்கண்ணால் பார்த்தபடி.

டாக்டர் தாமே மறுபடியும் துண்டுக்குள் கையை விட்டு, ஐந்து விரலுக்கு ஐயாயிரம் என்று தெரிந்துகொண்டார். நல்ல மனுஷன், சரி என்றார்.

ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. "இன்னைக்கு எதையும் மெல்லாதீங்க. நாளைக்கு விருந்து சாப்பிடலாம்" என்றார். மூக்கனுக்குப் பாதி முகம் மரத்துக் கிடந்தது. மனசு மட்டும் அப்போதே எலும்பு கடிக்க ஆரம்பித்துவிட்டது.

ஒச்சப்பன் மடியிலிருந்து ஆயிரம் ரூபாய் எடுத்து நீட்டினான். "பாக்கி, செவ்வாய்ச் சந்தை முடிஞ்சதும்."

"தாராளமா. தம்பியைக் கூட்டிட்டுப் போங்க."

"பாக்கியை வச்சுக்கிட்டா?" மூவரும் பதறிப்போனார்கள். "அப்படி ஓட்டிட்டுப் போற ஆளுங்க நாங்க இல்லே சார். முழுப்பணம் குடுக்கிற வரைக்கும் உருப்படி உங்க பட்டியிலதான் நிக்கணும்!"

மூக்கனுக்கும் அதுதான் முறை என்று பட்டது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"அப்ப நாளைக்கு விருந்து?" என்றான் கோணிய வாயால்.

"அட, அதுக்கா மூஞ்சியைத் தொங்கப்போடுறே? உனக்குப் பதிலா நாங்க ரெண்டு பேரும் போய்ச் சாப்பிட்டுட்டு வர்றோம்."

சடையன் பையிலிருந்து, ஆட்டுக்கு அடையாளம் போடும் சிவப்புச் சாயத்தை எடுத்து, மூக்கனின் பிடரியில் ஓர் இழுப்பு இழுத்தான். செவ்வாய்க்கிழமை ஆளை மாற்றிக் கொடுத்துவிட்டால்?

வாசல்வரை போன ஒச்சப்பன் அவசரமாகத் திரும்பி வந்தான்.

"சார், மெல்லக் கூடாதுன்னு சொன்னீங்களே, ராத்திரிக்குத் தழை கட்டிராதீங்க. தண்ணி மட்டும் காட்டுங்க."