கச்சேரி மேடைக்காக இடிந்த நண்டு வளை

ஒரு சதுப்புக் கரையில் செங்காலி என்ற சின்ன நண்டு பல வளைகள் தோண்டி வாழ்ந்தது. அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு கடுகளவுக் குஞ்சுகள் கிடந்தன. தோண்டிய சேற்றை எல்லா வளைகளின் வாசலிலும் அது உருண்டை உருண்டையாக அடுக்கியிருந்தது.

மழைக்காலம் வந்தது. தவளைகளின் தலைவன் பெருவாயனுக்குக் கச்சேரி ஆசை பிடித்துக்கொண்டது.

"ஏ நண்டே! என்ன அசிங்கம் இது? மேடைக்குக் கரை சமமாக வேண்டும். மூடு வளைகளை!"

செங்காலிக்குச் சுரீர் என்று கோபம் வந்தது.

"அசிங்கமா? போன கோடையில் கரையெல்லாம் வெடித்தபோது எங்கேயடா படுத்திருந்தாய்? என் வளையில்தானே! அடியில் தண்ணீர் இருந்ததால்தானே பிழைத்தாய்!"

"அது போன கோடை! இப்போது எங்கே பார்த்தாலும் தண்ணீர்!" என்று சிரித்தான் பெருவாயன். மற்ற தவளைகளும் சேர்ந்து சிரித்தன. நன்றி கெட்ட கூட்டம்!

அவன் கரையில் மேய்ந்துகொண்டிருந்த ஓர் எருமையைக் கூப்பிட்டான். "அக்கா, இங்கே சேறு நன்றாகக் குளிர்ச்சியாக இருக்கிறது. புரண்டு படுங்கள்!"

பாவம், எருமைக்கு என்ன தெரியும்? புரண்டது. வளைகள் எல்லாம் அமுங்கிப் போயின. உள்ளே போயிருந்த செங்காலி குஞ்சுகளோடு மண்ணைப் பிளந்து வெளியே வந்தது. ஆனால் பெரிய கொடுக்கு ஒடிந்து உள்ளேயே தங்கிவிட்டது. மேலே கச்சேரி அமர்க்களமாக நடந்தது!

செங்காலி அழவில்லை. தாழம்புதர் ஓரம் போய், மிச்சமிருந்த சின்னக் கொடுக்கால் ஈர மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி எடுத்து, ஒரே ஒரு குறுகிய வளை தோண்டியது.

கோடை வந்தது. சதுப்பு வற்றியது. தரை பாறையாக இறுகியது. பெருவாயன் தோல் உலர்ந்து, தன் குட்டிகளோடு தத்தித் தத்தி வந்தான்.

"செங்காலி அம்மா! ஒரு வளை தோண்டிக் கொடு!"

"எதால் தோண்டட்டும்?" என்று கத்தியது செங்காலி. "என் கொடுக்கு உன் மேடைக்கு அடியில் கிடக்கிறது. போய் எடுத்து வா!"

பிறகு அவன் பின்னால் நின்ற குட்டிகளைப் பார்த்தது.

"உன் குட்டிகளை மட்டும் உள்ளே அனுப்பு. அன்று அவை சிரிக்கவில்லை. உனக்கு இங்கே இடம் கிடையாது!"

குட்டித் தவளைகள் உள்ளே இறங்கின. பெருவாயன் பழைய மேடைக்குப் போனான். மெத்தென்ற கையால் அந்தக் கட்டாந்தரையைப் பிராண்டினான். ஒரு பொடி மண்கூடப் பெயரவில்லை.

தன்னைக் காப்பாற்றிய இடத்தை அழகு கெடுகிறது என்று இடிப்பவனுக்கு, ஆபத்து வரும்போது ஒதுங்க இடம் இருக்காது.