பன்றி கேட்டு வாங்கிய குண்டு

வாயுள்ள எல்லாமே பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மலையடிவாரத்துக் காட்டில் கோரையன் என்றொரு காட்டுப்பன்றி இருந்தான். வயது ஏறியதும் கூட்டத்தைவிட்டுப் பிரிந்து தனியாகத் திரிந்தான். சேற்றில் படுத்துக்கொண்டு, 'இத்தனை வருஷம் கிழங்கு தோண்டினேன். தோண்டி என்ன கண்டேன்?' என்று யோசிப்பான். யோசித்துச் சலித்ததும் எழுந்துபோய் மறுபடியும் கிழங்கு தோண்டுவான்.

தோண்டியதெல்லாம் மருதனின் கொல்லையில். மருதன் வேட்டைக்காரன். அவனிடம் ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தது. ஈயத்தைத் தானே உருக்கித் தினையளவு மணிகளாக வார்த்து வைத்திருப்பான். அந்த மணிகளுக்கு ரவை என்று பெயர். காடைக்கு அது போதும். கோரையன் முதுகில் பட்டாலோ சொறிந்துவிட்டதுபோல் சுகமாக இருக்கும்.

"கொஞ்சம் கீழே சுடு மருதா. உண்ணி அங்கேதான் இருக்கு" என்பான்.

மருதனின் மனைவி மாதி, பிடுங்கிக் கிடக்கும் கொடிகளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள். "மழைக்காலத்துக்கு வீட்டில வேற ஒண்ணுமில்ல. அது பாட்டுக்குத் தின்னுது, நீ அதுக்குச் சொறிஞ்சு விடுறியா?"

பிறகு முயலுக்கென்று மருதன் கொஞ்சம் பெரிய மணிகள் வார்த்தான். இரண்டும் கலந்துவிடாமல் இரண்டு பைகளில் போட்டான். மாதியிடம் கேட்டு வாங்க வசதியாக ஒன்றைக் காடை ரவை என்றான், மற்றதை முயல் ரவை என்றான்.

வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்த காடை இதைக் கேட்டது. நேரே சேற்றுக் குட்டைக்கு ஓடியது.

"மாமா, சேதி தெரியுமா? என் பேர்ல ரவை வந்திருக்கு!"

கோரையன் ஒரு கண்ணைத் திறந்தான். "உன் பேரிலா?"

"முயல் பேர்லயும்தான். உங்க பேர்ல என்ன இருக்கு மாமா?"

அன்று கோரையன் கிழங்கு தின்னவில்லை. 'ஒரு கொல்லையையே கவிழ்த்துப் போட்டவன் நான். என் பேரில் ஒரு கடுகுகூட இல்லையே! பேருக்கு ஆசைப்படுவது தப்போ? தப்பென்றால் அந்தப் பொடிப் பறவைக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது?' என்று புரண்டு புரண்டு படுத்தான். அந்தப் பெயரை எதற்காக வைத்தார்கள் என்று அவனும் கேட்கவில்லை, காடையும் சொல்லவில்லை. காடைக்கே தெரியாது.

மறுநாள் காலையில் கோரையன் மருதன் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"மருதா, என் பேரில் ஒண்ணு செய்."

மருதன் ஈயக் கரண்டியைக் கீழே வைத்தான். மாதி அவன் விலாவில் இடித்தாள்.

"செய்யலாம் பெரியவரே" என்றான் மருதன். "ஆனா இந்தப் பொடி ரவைக்கு உங்க பேரை வெச்சா காடே சிரிக்காதா? உங்க மேல பட்டா உதிர்ந்து போகுதே."

"அப்போ பெரிசாச் செய்."

"எவ்வளவு பெரிசு?"

கோரையன் போய் ஒரு நெல்லிக்காயைக் கவ்விக்கொண்டு வந்தான். அது துப்பாக்கிக் குழலுக்குள் போகவில்லை. வருத்தத்தோடு திரும்பிப் போய் ஓர் இலந்தைப் பழத்தோடு வந்தான். அது வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கியது. மருதன் அந்தப் பழத்தையே களிமண்ணில் அழுத்தி அச்செடுத்தான்.

"வெடிமருந்தையும் அளந்து போடணும். உங்க தோல் எவ்வளவு கனம்?"

"தோளில் கேடயம் மாதிரி. தட்டிப் பார்."

"உடம்பு முழுக்க அப்படித்தானா?"

கோரையன் குரலைத் தாழ்த்தினான். "காதுக்குப் பின்னால் மட்டும் மெல்லிசு. யார்கிட்டயும் சொல்லிடாதே."

"நான் ஏன் சொல்லப்போறேன்?" என்றான் மருதன்.

மூன்றாம் நாள் பெயர் சூட்டு விழா. காடே கூடிவிட்டது. மருதன் குண்டைத் தூக்கிக் காட்டி, "இது பன்றிக் குண்டு!" என்றான். ரவைகூட இல்லை, குண்டு! காடையின் முகம் தொங்கிப்போயிற்று. கோரையனின் வால் நட்டுக்கொண்டு நின்றது.

"முதல்ல வெள்ளோட்டம்" என்று சொல்லிவிட்டு, மருதன் பட்டுப்போன வேங்கை மரத்தைப் பார்த்துச் சுட்டான். புகை கலைந்ததும் கோரையன் கிட்டே போய்ப் பார்த்தான். மரத்தில் ஓர் ஓட்டை. அதில் கண்ணை வைத்தான். அந்தப் பக்கத்திலிருந்து காடையின் கண் அவனைப் பார்த்தது.

"அடேங்கப்பா! உங்க பேர் மரத்தையே துளைச்சிடுச்சே மாமா!"

கோரையன் ஓட்டையிலிருந்து கண்ணை எடுத்தான். 'காடை ரவை காடைக்கு. முயல் ரவை முயலுக்கு. அப்படியானால்...' வாழ்நாளில் அவன் யோசித்தவற்றிலேயே மிக வேகமாக யோசித்தது இதைத்தான்.

"மருதா, இந்தப் பேரை யானைக்குக் கொடுத்துடலாமா? அவர் என்னைவிட மூத்தவர்."

"வெச்ச பேரை மாத்தக் கூடாது பெரியவரே" என்றான் மருதன், அடுத்த குண்டைக் குழலில் இறக்கியபடி. "தலையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புங்க."

கோரையன் திருப்பவில்லை. முட்டினான். மருதன் ஒரு பக்கமும் துப்பாக்கி ஒரு பக்கமுமாக விழ, வேலியைப் பிய்த்துக்கொண்டு மலையேறி ஓடியவன், அதற்குப் பிறகு அந்தக் கொல்லைப் பக்கமே வரவில்லை. அந்த மழைக்காலத்தில் மாதி வீட்டில் மூன்று வேளையும் கிழங்கு வெந்தது.

அன்று முதல்தான் வேட்டைக்காரர்கள் ஈயத்தின் அளவைச் சொல்லாமல், அது யாருக்கோ அவர் பெயரைச் சொல்லிக் காடை ரவை, முயல் ரவை, பன்றிக் குண்டு என்று கேட்கிறார்கள். பன்றிக்கும் கேட்ட பெயர் கிடைத்துவிட்டது. ஆனால், அதை யாராவது சொன்னால் காதில் விழும் தூரத்தில் மட்டும் அவன் நிற்பதில்லை.