மரத்தில் ஒரு பச்சைக்கிளி

இந்தக் கதையை எங்காவது தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. நடுவில் சிரிக்காமல் கேளுங்கள், பிள்ளைகளே. சிரித்தால் எனக்கு மறந்துவிடும்.

காட்டு மரமெல்லாம் ராஜாவுக்கே சொந்தமாயிருந்த காலத்தில், ஒரு நாட்டில் மரத்துண்டுகளைப் பதித்துப் பறவைப் படம் செய்வார்கள். காக்கைக்குக் கருங்காலி, மைனாவின் மூக்குக்கு மஞ்சள் பலா, செம்போத்தின் இறக்கைக்குச் செம்மரம். சாயம் மட்டும் தொடக்கூடாது. முடிந்த படத்தை ராஜாவே ஈரத்துணியால் துடைத்துப் பார்ப்பார்.

ஒருநாள் ராணி வளர்த்த பச்சைக்கிளி பறந்துபோனது. ராணி சோற்றைத் தொடவில்லை. ராஜா படம் செய்கிற மூன்று பேரை அழைத்தார்.

"பௌர்ணமிக்குள் ஒரு பச்சைக்கிளிப் படம் வேண்டும். தவறினால் உளியை என்னிடம் வைத்துவிட்டு வேறு தொழில் பாருங்கள்."

இலை பச்சை, சரி. பச்சை மரத்துக்கு எங்கே போவது? மூன்று பேரும் விழித்தார்கள்.

பௌர்ணமியும் வந்தது.

தாண்டவராயன் மஞ்சளையும் அவுரி நீலத்தையும் குழைத்துப் பூசியிருந்தான். ராஜா துடைத்தார். கிளி வெளுத்தது, துணி பச்சையானது. அதே துணியால் வியர்வையை ஒற்றிக்கொண்டார். மூக்கும் பச்சையானது. சபையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் தலை இருக்குமா?

மாடக்கண்ணு பச்சை மூங்கிலின் தோலைச் சீவிப் பதித்திருந்தான். சாயமில்லை, அசல் பச்சை. ஆனால் செய்து பத்து நாளாயிற்று, மூங்கில் காய்ந்துவிட்டது.

"என்னடா, உன் கிளிக்குக் காமாலையா?" என்றார் ராஜா.

இரண்டு பேர் உளியும் போயிற்று.

மூன்றாவதாக நாச்சி வந்தாள். அவள் படத்தில் தேக்கில் ஓர் அடிமரம், கருங்காலியில் ஒரு பொந்து, பொந்துக்கு வெளியே செம்மரத்தில் சின்னதாய் ஒரு மூக்கு நுனி. அவ்வளவுதான். ராஜா வேறு துணியால் துடைத்தார், ஒன்றும் ஒட்டவில்லை.

"கிளி எங்கேயம்மா?"

"உள்ளே இருக்கிறது, மகாராஜா."

"வெளியே வரச் சொல்."

"மூன்று தரம் கூப்பிட்டேன், மகாராஜா. 'வெளியேதான் ஒரு பச்சை மூக்கு இருக்கிறதே, நான் எதற்கு?' என்கிறது."

ராஜா மூக்கைத் தடவிப் பார்த்தார். விரல் பச்சை! கண் சிவந்தது. நாச்சிக்கு உயிரே போய்விட்டது.

அதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "என் கிளியும் இதே வாயாடிதான்! சோறு கொண்டுவாருங்களடி!"

ராணி சாப்பிட்ட பிறகு ராஜா எப்படிக் கோபப்படுவார்? நாச்சியின் உளி அவள் கையிலேயே இருந்தது.

இல்லாததைப் பூசிக் காட்டுவதைவிட, இருப்பதை வைத்து ஒழுங்காகச் செய்வதே மேல் என்பதுதான் இதன் நீதி.

ராணி அடுத்து மயில் கேட்கப்போகிறாள் என்று நாச்சியின் காதில் விழுந்தது. அன்றைக்கே அவள் உளிகளை மூட்டை கட்டிக்கொண்டு, காக்கைப் படம் மட்டுமே கேட்கிற வேறொரு ராஜாவின் ஊருக்குக் குடிபோய்விட்டாள்.