சோபாவில் உட்கார்ந்த பெட்டி

"பேஸை எந்த நம்பர்ல வைக்கணும் டீச்சர்?" என்று கேட்டார் பொன்னுரங்கம்.

"யாருக்கு?" என்றார் இமெல்டா.

இதெல்லாம் ஒரு பதிலா? பொன்னுரங்கத்துக்கு முகம் சுண்டிவிட்டது.

இமெல்டா திருச்சியில் வீடுகளுக்கு ஹோம் தியேட்டர் அமைத்து, ஒலியைச் சரிசெய்து கொடுப்பவர். பொன்னுரங்கம் அவரிடம் தொழில் படிக்கிறவர், ஆனால் வயதில் அவரைவிட மிகவும் மூத்தவர். மணப்பாறைப் பக்கம் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் எதுவானாலும் ஒலிபெருக்கி கட்டியது இவர்தான். "மைதானம் கைவந்துருச்சு, ரூமுதான் பிடிபட மாட்டேங்குது" என்று அவராகவே வந்து சேர்ந்தார். முதலில் கேலியாகத்தான் டீச்சர் என்று கூப்பிட்டார். கொஞ்ச நாளில் கேலி போய்விட்டது, டீச்சர் மட்டும் நின்றுவிட்டது.

படத்தில் இடி இடித்தால் நெஞ்சுக்குள் திம்மென்று ஓர் அதிர்வு வருமே, அதுதான் பேஸ். வீட்டில் அதைக் கொடுப்பதற்கென்றே சப்வூஃபர் என்று தனியாக ஒரு கனத்த பெட்டி உண்டு. திறந்த மைதானத்தில் பேஸ் நிற்காது, காற்றோடு போய்விடும். அதனால் மைதானத்துக்காரர்களின் கை எப்போதும் ஏற்றுவதற்கே போகும். இறக்கத் தெரியாத கை என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், ஆனால் உண்மை அதுதான்.

பொன்மலையில் கோதண்டபாணி என்பவர் வீட்டு ஹோம் தியேட்டரைப் பொன்னுரங்கம் முதல்முறையாகத் தனியே பொருத்தியிருந்தார். அதில்தான் இப்போது சிக்கல். கோதண்டபாணி ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை ஷிப்ட், ஷிப்ட் என்று ஓடியவர், மனைவி வசுமதியோடு ஒரு படம்கூட முழுசாகப் பார்த்ததில்லை. இனியாவது சேர்ந்து பார்க்கலாம் என்றுதான் அந்த அம்மாவே ஆசைப்பட்டு இதை வாங்கச் சொன்னார்.

இப்போது அவரே, "ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்தப் பெட்டி வெளிய போகணும், இல்லேன்னா நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்" என்கிறார். படம் தொடங்கினால் போதும், எழுந்து பால்கனிக்குப் போய்விடுகிறார். கோதண்டபாணியோ பேஸ் போதவில்லை என்கிறார். அவர் சொல்லச் சொல்லப் பொன்னுரங்கம் ஏற்றிக்கொண்டே போயிருந்தார்.

"நம்பரைச் சொல்லுங்க டீச்சர். ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு நம்பர் இருக்கும்ல?"

"வாங்கண்ணே, போய்ப் பார்ப்போம்."

பொன்மலை வீட்டில் கணவனும் மனைவியும் நேராகப் பேசிக்கொள்ளவில்லை.

"சாருக்குக் காது மந்தமாயிருச்சுன்னு சொல்லுங்க" என்றார் வசுமதி.

"இவங்க வேணும்னே நடிக்கிறாங்கன்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றார் கோதண்டபாணி.

இரண்டையும் கேட்டுக்கொண்ட இமெல்டா யாரிடமும் எதையும் சொல்லவில்லை. "எப்பவும் உட்கார்ற இடத்துல உட்காருங்க" என்றார்.

கோதண்டபாணி ஹாலின் நட்டநடுவில் கிடந்த சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். வசுமதி பின்சுவரை ஒட்டிய சோபாவின் மூலையில் உட்கார்ந்தார்.

"சேர்ந்து பார்க்கத்தானே வாங்கினீங்க? ஏன் தனித்தனியா?"

"இவர்தான் சொன்னாரு, நடுவுலதான் சத்தம் நல்லா இருக்கும்னு" என்று கோதண்டபாணி பொன்னுரங்கத்தைக் காட்டினார்.

மேடைக்கு நேரே, மைதானத்தின் நடுவில் நின்றுதான் பொன்னுரங்கம் வாழ்நாளெல்லாம் ஒலியைச் சரிபார்த்திருக்கிறார். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் நாற்காலியை நடுவில் போடச் சொல்லிவிட்டார்.

படம் ஓடியது. "அண்ணே, அம்மா இடத்துல நீங்க உட்காருங்க" என்றார் இமெல்டா.

பொன்னுரங்கம் உட்கார்ந்தார். படத்தில் இடி இடித்தது. மூக்குக் கண்ணாடி நடுங்கியது, வயிறு குலுங்கியது. ஆளுயர ஸ்பீக்கர்களுக்குப் பக்கத்தில் நின்று டீ குடித்த மனிதர், துள்ளி எழுந்துவிட்டார்.

"பாவம்மா நீங்க" என்றார் வசுமதியைப் பார்த்து.

"சார், நீங்களும்" என்றார் இமெல்டா.

கோதண்டபாணி வேண்டாவெறுப்பாக அந்த மூலையில் உட்கார்ந்தார். அதே இடியை இமெல்டா மறுபடி ஓடவிட்டார். அது முடிவதற்குள் கோதண்டபாணி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"வசு, இதையா நீ இத்தனை நாளா..."

வசுமதி கணவருடைய நாற்காலியில் போய் உட்கார்ந்து பார்த்தார். மறுபடி அதே இடி.

"இங்க ஒண்ணுமே இல்லையே! ஏதோ பக்கத்து ஊர்ல இடிக்கிற மாதிரி இருக்கு."

அறைக்குள் பேஸ் சுவரில் மோதித் திரும்பி வரும். சில இடத்தில் தன்னோடு தானே சேர்ந்து பெருகும், சில இடத்தில் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். கணவர் பேஸ் அழிந்த இடத்தில் உட்கார்ந்து ஏற்றச் சொன்னார், மனைவி அது பெருகிய இடத்தில் உட்கார்ந்து அவதிப்பட்டார். இருவருமே பொய் சொல்லவில்லை.

"இப்ப சொல்லுங்க, எங்க உட்கார்ந்து பார்க்க ஆசை?" என்றார் இமெல்டா.

"இந்தச் சோபாவுலதான். ரெண்டு பேரும்" என்றார் வசுமதி.

சோபாவைச் சுவரிலிருந்து கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டார்கள். இமெல்டா சப்வூஃபரைத் தூக்கி, கணவனும் மனைவியும் உட்கார வேண்டிய இடத்தில், சோபாவின் மேலேயே வைத்தார். வந்த விருந்தாளி மாதிரி அது அங்கே உட்கார்ந்தது. ஒரு பேஸ் கிட்டார் இசையை அதில் ஓடவிட்டு, துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டு, தரையில் மண்டியிட்டுத் தவழ ஆரம்பித்தார்.

வீட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாரக்கணக்கில் பார்க்காத பார்வை அது.

சுவர் ஓரமாக, டிவி மேஜைக்குக் கீழே, செருப்பு அலமாரிப் பக்கம் என்று காதைத் தாழ்த்தி ஒவ்வோர் இடமாக நின்று கேட்டுச் சுற்றிவந்தார் இமெல்டா. அந்த ஊரில் அவருக்கு இருந்த பெயருக்கு, உட்கார்ந்த இடத்திலிருந்து கருவியைப் பார்த்து நம்பர் சொன்னாலே கும்பிட்டு ஏற்றுக்கொள்வார்கள். அவரோ உடையெல்லாம் தூசியோடு எழுந்து நின்றார்.

"அண்ணே, இப்ப நீங்க."

பொன்னுரங்கம் முட்டி வலியோடு தவழ்ந்தார். ஒரு மூலையில் இசை கொழகொழவென்று குழம்பியது. சுவரின் நடுவில் காணாமலே போனது. ஜன்னலுக்குக் கீழே வந்ததும் அப்படியே நின்றுவிட்டார். அங்கே கிட்டாரின் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாக, மிச்சம் வைக்காமல் கேட்டது.

"இங்க டீச்சர்."

"நானும் அங்கதான் நின்னேன்."

சோபாவிலிருந்து ஜன்னலடிக்கு நன்றாகப் போய்ச் சேர்கிற ஒலி, ஜன்னலடியிலிருந்து சோபாவுக்கும் நன்றாகவே வந்து சேரும். பெட்டி ஜன்னலடிக்குப் போனது. கணவனும் மனைவியும் சோபாவுக்கு வந்தார்கள். படத்தை முதலிலிருந்து போட்டார்கள்.

பொன்னுரங்கம் பெட்டியருகில் குனிந்து, பேஸை ஏற்றி இறக்கும் குமிழில் கை வைத்தார்.

"எவ்வளவு டீச்சர்?"

"இறக்கிக்கிட்டே வாங்க. இது எங்க இருந்து வருதுன்னு உங்களுக்கே தெரியாமப் போற வரைக்கும்."

பொன்னுரங்கம் இறக்கினார். மனசு வேண்டாம் வேண்டாம் என்றது, இருந்தும் இறக்கினார். ஓர் இடத்தில் பெட்டியின் சத்தம் மறைந்துபோய், படத்தின் சத்தம் மட்டும் இருந்தது. கையை எடுத்தார். எண்ணைப் பார்க்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

படத்தில் மழை இருட்டிக்கொண்டு வந்தது. பொன்னுரங்கம் வசுமதியையே பார்த்துக்கொண்டிருந்தார். இடி இடித்தது. உண்மையான இடி, நெஞ்சுக்குள் இறங்கி உடனே விலகிய இடி. வசுமதி எழுந்திருக்கவில்லை. காலைத் தூக்கிச் சோபாவின் மேல் மடக்கி வைத்துக்கொண்டார். கோதண்டபாணி அவர் காதில் ஏதோ சொன்னார். அவர் சிரித்தார்.

இமெல்டா பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். பின்னாலேயே வந்த பொன்னுரங்கத்துக்குக் கண் கலங்கியிருந்தது. இப்படி ஒருவரிடம் படிக்கக் கிடைத்ததே என்றிருந்தது அவருக்கு. ஆனாலும் பழைய கை சும்மா இருக்குமா?

"டீச்சர், பேஸ் போதுமான்னு உள்ள போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடவா?"

இமெல்டா கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

"வேண்டாம்ண்ணே. இப்ப படம் பார்த்துக்கிட்டு இருக்காங்க. நீங்க போனா பெட்டியைப் பார்க்க ஆரம்பிச்சுடுவாங்க."